விதைக்கு அட்டை பார்க்கிறோம்... வைத்தியம் பார்க்கும் இடத்தில் எதைப் பார்க்கிறோம்?

ஆனி மாதக் கடைசியில் ஆடிப்பட்டத்துக்கான விதைத்தேர்வு பற்றி ஒரு பயிற்சி நடத்தினோம். பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சான்று விதை என்றால் நீல அட்டை, ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை, காலாவதி தேதி, குவியல் எண், பில் என்று வழக்கம்போல சொல்லிக்கொண்டு போனேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்.

“சார், அம்பது ரூவா வெதைக்கு இத்தன பாக்கச் சொல்றீங்க. ஒடம்பு முடியலன்னு போறோமே, அந்த டாக்டர்கிட்ட எதப் பாத்து நம்பறது?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம், அதற்கு ஏழு மாதம் முன்பு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவன் நான்.

நான் மருத்துவர் கிடையாது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் முப்பது வருடமாக விதைக்கடை, உரக்கடை, பூச்சிமருந்துக் கடைகளைப் பார்வையிட்டவன். ஒரு கடை சரியாக நடக்கிறதா, இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என எனக்குத் தெரியும். அதே கண்ணோடு ஒரு கிளினிக்கை எப்படிப் பார்ப்பது என்பதை, எங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் சித்தப்பாவுக்கு நடந்தது

கார்த்திகை மாதம். சித்தப்பா நிலக்கடலைக்குக் களை எடுத்து, வரப்பில் புல் அறுத்துவிட்டு வந்தவர் குளிர் நடுக்கத்தோடு படுத்துவிட்டார். சித்தி எனக்கு போன் செய்தார். “தம்பி, யார்கிட்ட காட்டலாம்?” என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஒருவரின் இடத்தைச் சொன்னேன். “கைராசிக்காரர், ஒரே ஊசியில் கேட்கும்” என்று நான்தான் சொன்னேன். நான் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டது கிடையாது. ஊரில் எல்லோரும் சொன்னதை நானும் சொன்னேன்.

நான்கு நாள், காலையும் மாலையும் ஊசி. பேப்பரில் மடித்த கலர் மாத்திரைகள். ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கும், இரவில் திரும்ப ஏறும். ஒரு நாள் குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்தது என் மகள் வயதுள்ள ஒரு டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயா என்ன வேலை செய்றாரு?” விவசாயம் என்றதும், “வயல்ல புல்லு, புதருக்குள்ள வேலை செஞ்சாரா?” என்றார். சித்தப்பாவின் சட்டையைக் கழற்றி, கையைத் தூக்கி, அக்குளைப் பார்த்தார். அங்கே பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. அதைப் பார்த்ததுமே, “உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்” என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு மருந்தைத் தொடங்கிவிட்டார்.

உண்ணிக் காய்ச்சல் புல், புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் வருவது. மழைக்காலமும் பின்பனிக்காலமும் அதற்குத் தோதான காலம். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்திலேயே கட்டுப்படும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். சித்தப்பாவுக்கு நுரையீரலைத் தொட்டுவிட்டது.

அந்த டாக்டர் அடுத்துக் கேட்டது, “இதுவரைக்கும் என்ன ஊசி போட்டாங்க?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. பொட்டலத்தில் மீதி இருந்த இரண்டு மாத்திரையில் பெயரும் இல்லை. பூச்சிமருந்து டப்பாவில் லேபிள் கிழிந்திருந்தால் கடைக்காரரைக் கேள்வி கேட்கிற நான், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பதினொரு நாள் படுக்கையில் இருந்து சித்தப்பா பிழைத்து வந்தார். அந்தப் பதினொரு நாளும் நான் யோசித்ததைத்தான் கீழே நான்கு சோதனைகளாகத் தருகிறேன்.

முதல் சோதனை: பலகையில் எண் இருக்கிறதா?

விதை மூட்டைக்கு அட்டை எப்படியோ, மருத்துவருக்குப் பதிவு எண் அப்படி. ஆங்கில மருத்துவம் பார்ப்பவர் எவராக இருந்தாலும், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். வெளிநாட்டில் படித்து வந்தவரும் இங்கே தகுதித்தேர்வு எழுதித் தேறி, பதிவு செய்துதான் வைத்தியம் பார்க்க முடியும்.

அந்த எண்ணை கிளினிக்கில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், கொடுக்கிற சான்றிதழிலும், பண ரசீதிலும் எழுத வேண்டும். இது டாக்டரின் விருப்பத்தைப் பொறுத்தது கிடையாது. 2002-ல் வந்த மருத்துவர்களுக்கான தொழில்நெறி விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. கட்டணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று அதே விதிமுறைகளில் இருக்கிறது.

எண் கிடைத்தால் சரிபார்ப்பது சுலபம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். உங்களுக்கு வராவிட்டால் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒருவருடைய எண்ணைப் பலகையில் போட்டுவிட்டு, உள்ளே வேறொருவர் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

சித்த மருத்துவர் (பி.எஸ்.எம்.எஸ்.), ஆயுர்வேத மருத்துவர் (பி.ஏ.எம்.எஸ்.), ஹோமியோபதி மருத்துவர் (பி.எச்.எம்.எஸ்.) ஆகியோரும் முறையாகப் படித்தவர்களே. அவர்களுக்கும் பதிவும் எண்ணும் உண்டு. பெயருக்குப் பின்னால் நான்கைந்து எழுத்துகள் இருந்து, எண் மட்டும் இல்லை என்றால், அந்த எழுத்துகள் என்ன படிப்பு என்று கேளுங்கள். ஒரு வருட டிப்ளமோவையும், தபால் வழிச் சான்றிதழையும் பெரிய படிப்பு மாதிரி எழுதி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு இல்லாமல் நவீன மருத்துவம் பார்ப்பது, 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம்.

டாக்டருக்கு ஓர் எண் போல, இடத்துக்கும் ஒரு சான்று உண்டு. தனியார் கிளினிக், நர்சிங் ஹோம், ரத்தப் பரிசோதனை நிலையம் எல்லாமே தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின் (1997) கீழ் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். உரக்கடைச் சுவரில் லைசென்ஸ் தேடுகிறோமே, அதே போலத்தான்.

இரண்டாவது சோதனை: ஊசி எப்படி வருகிறது, எங்கே போகிறது?

நம் ஊர்களில் ஊசி போடாத டாக்டர், டாக்டரே இல்லை என்று நினைக்கிறோம். “ஊசி போடல, நாலு மாத்திரைதான் குடுத்தாரு” என்று குறை சொல்கிறோம். நாம் கேட்பதால் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரையில் கேட்கிற நோய்க்கு ஊசி தேவையில்லை. வாந்தி நிற்காதவர், விழுங்க முடியாதவர், மருந்து உடனே ரத்தத்தில் சேர வேண்டியவர் ஆகியோருக்கு ஊசி அவசியம். மற்றபடி, “மாத்திரையிலேயே கேட்குமா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஊசி தேவைதான் என்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சிரிஞ்சும் ஊசியும் உங்கள் கண் முன்னால் புது உறையைக் கிழித்து எடுக்கப்படுகிறதா? ட்ரேயில் ஏற்கெனவே மருந்து ஏற்றி வரிசையாக வைத்த ஊசியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு, போடுகிறவர் கையைச் சுத்தம் செய்தாரா? மூன்று, போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? மருத்துவக் கழிவு விதிகளின்படி (2016) ஊசிமுனைகள் குத்தினாலும் துளை விழாத வெள்ளை நிறப் பெட்டிக்குள் போக வேண்டும். அட்டைப்பெட்டியிலோ, கிளினிக்கின் பின்பக்கக் குப்பையிலோ ஊசி கிடந்தால் அந்த இடத்தை நம்பக் கூடாது. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவும். ஊசியை மாற்றி சிரிஞ்சை மாற்றாமல் விட்டாலும் அதே ஆபத்துதான்.

‘ஒரே ஊசியில் கேட்கும்’ என்று நான் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? பல இடங்களில் அந்த ஊசிக்குள் இருப்பது ஸ்டீராய்டு. உயிர் காக்கும் மருந்துதான், தேவைப்படும் நோய்க்கு, தேவையான அளவில். ஆனால் கண்ட காய்ச்சலுக்கும் முட்டிவலிக்கும் போட்டால் வலியும் காய்ச்சலும் அடங்கியது போலத் தோன்றும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், சர்க்கரை ஏறும், நீண்ட நாள் எடுத்தால் எலும்பு பலவீனமாகும். பயிருக்கு என்ன பூச்சி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் ஒரு கணக்கு. ‘5 சதவிகிதம்’ என்று எழுதிய அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். மீதி தண்ணீர். வாந்தி, பேதியால் நீர் வற்றியவருக்கும், வாயால் குடிக்க முடியாதவருக்கும் டிரிப் உயிர் காக்கும். “அசதியா இருக்கு, தெம்புக்கு ஒரு பாட்டில்” என்று ஏற்றிக்கொள்வதில் பயன் இல்லை. கஞ்சியில் அதைவிடச் சத்து அதிகம்.

மூன்றாவது சோதனை: டாக்டர் என்ன கேட்கிறார்?

முதல் இரண்டும் அட்டையும் மூட்டையும் பார்க்கிற சோதனை. நீல அட்டை இருந்தாலும் நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி முளைப்புத்திறன் பார்க்கிறோம். அது போல, பதிவு பெற்ற டாக்டரிடமும் பார்க்க வேண்டியது உண்டு. பட்டம் பெற்றவர் எல்லோரும் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நல்ல மருத்துவர் கேள்வி கேட்பார். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், முன்பு என்ன நோய், இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, பெண்களாக இருந்தால் கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா... இவை இல்லாமல் மருந்து எழுதுவது, மண்ணைப் பார்க்காமல் உரம் சொல்வது போல.

நமக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, “என்ன வேலை செய்றீங்க?” என்பது. சேற்றில் இறங்கி நடவு செய்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெடிப்பு வழியே ஏறும். புல்லறுத்தவருக்கு உண்ணிக் காய்ச்சல். மருந்து அடித்தவருக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் வந்தால் அது பித்தமாக இருக்காது, பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கும் தனியாகச் சில நோய்கள் உண்டு. டாக்டர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்: “நாலு நாள் முன்னாடி நெல்லுக்கு மருந்து அடிச்சேன் டாக்டர்.” அந்த ஒரு வரி வைத்தியத்தையே மாற்றிவிடும்.

அடுத்தது, தொட்டுப் பார்க்கிறாரா? ஸ்டெத்தாஸ்கோப் வைக்கிறாரா, பிரஷர் பார்க்கிறாரா, நாக்கு, கண், வயிறு பார்க்கிறாரா? பிறகு, “ரெண்டு நாளில் குறையலைன்னா வாங்க, மூச்சு வாங்கினா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று எப்போது திரும்ப வர வேண்டும் என்பதைச் சொல்கிறாரா? “இது என்னால் முடியாது, அங்கே போங்க” என்று அனுப்பி வைக்கிறவரை நாம் தெரியாதவர் என்று நினைக்கிறோம். தன் எல்லை தெரிந்து நேரத்தோடு அனுப்புகிறவர்தான் பாதுகாப்பான டாக்டர். சித்தப்பாவை இரண்டாம் நாளே அனுப்பியிருந்தால் பதினொரு நாள் படுக்கை இருந்திருக்காது.

நான்காவது சோதனை: கையில் சீட்டு இருக்கிறதா?

மருந்துச் சீட்டு இல்லாத வைத்தியம், பில் இல்லாத விதை. தவறு நடந்தால் கேட்க முடியாது. அடுத்த டாக்டருக்கு எதுவும் தெரியாது. சீட்டில் உங்கள் பெயர், வயது, தேதி, நோய் விவரம், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்பது விதி. மூலப்பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகத்திலோ, முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலைக்கு வாங்கலாம்.

பேப்பரில் மடித்துத் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையோடு கேளுங்கள். தயாரித்த தேதி, காலாவதி, பேட்ச் எண் எல்லாம் அட்டையில்தான் இருக்கும். ஊசி போட்டால், “என்ன ஊசின்னு சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல், பட்டா, சிட்டா வைத்திருக்கிற அதே பையில் ஆளுக்கு ஒரு கவர் போட்டு வையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் சண்டை போடத் தேவையில்லை. பணிவாகக் கேட்டாலே நல்ல டாக்டர் சொல்வார். சாதாரணக் கேள்விக்கே எரிந்து விழுகிறார் என்றால், அதுவும் ஒரு சோதனை முடிவுதான்.

இந்த நேரங்களில் சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள்

பாம்புக்கடி, பூச்சிமருந்து விஷம், நெஞ்சுவலி, திடீரென வாய் கோணுதல், கை கால் விழுதல், பிரசவ ரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடித்த கை, காலை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. “சும்மா வெச்சிக்கிட்டு இருக்காங்க” என்று கோபப்பட்டு, வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பூச்சிமருந்து விஷமானால், துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவையோ லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயரும் முறிவு மருந்து விவரமும் லேபிளிலும் உள்ளே இருக்கும் துண்டுப் பிரசுரத்திலும் இருக்கும். டப்பாவைக் கொண்டுபோனால் டாக்டர் யூகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வருவா?

சித்தப்பா வீடு திரும்பிய பிறகு நான் அந்த பஸ் ஸ்டாண்டு கிளினிக்குக்குப் போனேன். பலகையில் பெயர் இருந்தது, எழுத்துகள் இருந்தன, எண் இல்லை. கேட்டேன். “நான் இருபத்தஞ்சு வருஷமா பாக்கறேன், இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தார்கள். இப்போது அந்தக் கதவு பூட்டிக் கிடக்கிறது.

ஊரில் எனக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. “உனக்கென்ன, காரு இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ளைக்கு வலிப்பு வந்தா அவருதான் கதவத் தொறப்பாரு. இனிமே யாரு வருவா?” என்று என் பங்காளி ஒருவரே கேட்டார். கடனுக்குப் பார்த்தார், வீட்டுக்கு வந்து பார்த்தார், நம் பேச்சு பேசினார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதிலும் இல்லை.

ஆனால் ஒன்று செய்தோம். எங்கள் ஊரிலிருந்து 24 மணி நேரமும் டாக்டரோ, செவிலியரோ இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் எது, எத்தனை கிலோமீட்டர், இரவில் வண்டி தரக்கூடியவர் யார், கிராம சுகாதாரச் செவிலியரின் எண் என்ன, இவற்றை ஒரு தாளில் எழுதி ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டினோம். அந்தத் தாளை ஒட்டிய பிறகு அதைப் பார்த்து ஒரு குழந்தையை ராத்திரியில் சரியான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் ஊரிலும் இதை ஒட்டலாம். அவசரம் வரும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

வாசகர்கள் கேட்டவை

“மெடிக்கல் ஷாப்பில் நோயைச் சொன்னாலே மாத்திரை தருகிறார்கள். வாங்கலாமா?”

அட்டையின் இடது பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதில் வரும். இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால், அரைகுறையாக மருந்தடித்து பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்த கதைதான். கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

“அரசு ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாகப் பார்க்கிறார்கள். அதன் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?”

கூட்டம் அதிகம் என்பது உண்மை. அங்கேயும் இதே கேள்விகளைக் கேட்கலாம், உங்கள் தொழிலைச் சொல்லலாம். தேசியத் தரச் சான்று பெற்ற அரசு மருத்துவமனைகளில் அதைப் பலகையில் எழுதியிருப்பார்கள். மதிப்பீட்டில் குறைந்தது 70 சதவிகிதம் பெற்றால்தான் அந்தச் சான்று. குறை இருந்தால் 104 என்ற எண்ணில் சொல்லலாம். மருத்துவ ஆலோசனையும் அதே எண்ணில் கிடைக்கும்.

“என் மனைவிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. வேறு டாக்டரிடம் காட்ட ஃபைல் கேட்டால் தர மறுக்கிறார்கள்.”

எழுத்து மூலம் கேளுங்கள், ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வரை அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. பதிவு பெற்ற டாக்டர் பற்றிய புகாரை மருத்துவக் கவுன்சிலுக்கும், பதிவு இல்லாதவர் பற்றிய புகாரை இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. ஆனால் குணமாகாத எல்லாமே கவனக்குறைவு ஆகிவிடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் மருத்துவமனையில் கை ஓங்காதீர்கள், அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

“பதிவு எண்ணைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?”

கேட்கவே வேண்டாம், பலகையைப் பாருங்கள், சீட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் கேளுங்கள். விதைக்கடையில் அட்டையைப் புரட்டிப் பார்க்க நாம் எப்போது வெட்கப்பட்டோம்?

சித்தப்பா இப்போது திரும்ப வயலுக்குப் போகிறார். புல்லறுக்கும்போது முழுக்கைச் சட்டை, வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். போன மாதம் பிரஷர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். உட்கார்ந்ததும், டாக்டர் கேட்பதற்கு முன்பே, “நான் விவசாயங்க. முந்தாநாள் கடலைக்கு மருந்து அடிச்சேன்” என்றார். டாக்டர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.